மாப்பிள்ளையின் பாஸ்வேர்ட்

தங்கையின் கணவர் இறந்து பன்னிரண்டாம் நாள் காலையில் விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். பையில் ஸ்க்ரூடிரைவர் செட்டு, தூசி தட்ட ஒரு பெயிண்ட் பிரஷ், வெளியில் மாட்டுகிற ஹார்டு டிஸ்க் ஒன்று. துக்க வீட்டுக்குப் போகிறவன் கொண்டுபோகிற சாமானா இது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததும் அதையும் மறந்துவிட்டேன்.

அழுகை வரவில்லை. முதல் நாள் வரவில்லை, சுடுகாட்டில் வரவில்லை, பால் தெளித்த அன்றும் வரவில்லை. என் மனைவி இரண்டு மூன்று முறை முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒடம்பு எதுனா பண்ணுதா?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது. திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தவர் எழவில்லை. செய்தி வந்தபோது நான் கல்லூரி லேபில் ஒரு மாணவிக்கு பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போனில் "சரி" என்றேன். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் பிழைப்பு அதுதான். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. எல்லாம் யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸ் மெஷின்கள். வாரம் தவறாமல் யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். திட்டுவேன், மாற்றிக் கொடுப்பேன், மறுபடி மறப்பார்கள். லேபில் கழித்துக்கட்டிய பழைய மெஷின் ஒன்றை வாங்கி மாப்பிள்ளைக்கு நான்தான் கொடுத்தேன். அதிலும் லினக்ஸே போட்டுத் தந்தேன். வைரஸ் கிய்ரஸ் என்று சும்மா சும்மா என்னைக் கூப்பிடக் கூடாது என்கிற சுயநலம், வேறொன்றுமில்லை. அவர் அதில் போட்டோ சேர்த்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவை மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகப் போய்க் கொக்கையும் நாரையையும் எடுப்பார்.

முந்தின நாள் சாயங்காலம் தங்கையின் மாமனார் போன் செய்தார்.

"தம்பி, பதினாறாம் நாளுக்குப் படம் மாட்டணும். ஆதார் கார்டு படத்த பெருசு பண்ணிக் குடுத்துட்டானுங்க. பாத்தா எம்புள்ள மாரியே இல்ல. கல்யாணப் படத்துல மால போட்டுக்கினு நிக்கறான், அத எப்புடி மாட்டறது? அந்தப் பொட்டியிலதான் எல்லாப் படமும் இருக்குதுன்னு சொல்றா உங்க தங்கச்சி. தொறக்க மாட்டேங்குது."

மாப்பிள்ளையின் போன் அன்றைக்கு அவர் கையிலிருந்து கீழே விழுந்து நொறுங்கிப் போயிருந்தது. ஊரில் எல்லோரையும் அவர் எடுத்தார், அவரை எடுக்கத்தான் ஆளில்லை. "நாளைக்கி வர்றேங்க" என்றேன். பின்னாலிருந்து தங்கை போனை வாங்கினாள்.

"அண்ணா, படம் கெடக்கட்டும். அவுரு பாஸ்வேர்டு இன்னான்னு எனக்குத் தெரியணும். நீ ஜல்தியா வா."

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

திண்டிவனத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனபோது மாமனார் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அந்த ஆதார் படத்தைத் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, கீழே விளக்கு வைத்திருந்தார்கள். கண்ணை அகல விழித்துக்கொண்டு யாரோ ஒரு ஆள். மாப்பிள்ளைக்கு அப்படி விழிக்கவே தெரியாது. பாதிக் கண்ணால் சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர்.

தங்கை கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. பக்கத்து ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"ஒக்காரு. இதப் பாரு."

அவள் மகளின் பழைய கட்டுரை நோட்டு. ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு. கீழே வரிசையாகச் சொற்கள். மகள் பேர், இவள் பேர், குலதெய்வத்தின் பேர், மில் பேர், பைக் நம்பர், பறவைகளின் பேர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை பாஸ்வேர்ட் அடிக்கும்போது இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு அடிப்பாராம். இவள் எட்டிப் பார்த்தால், "கண்டுபுடி பாக்கலாம். உனக்குத் தெரிஞ்சதுதான்" என்பாராம். நாலு வருஷமாக இந்த விளையாட்டு. சமைக்கும்போது ஒன்று தோன்றினால் அடுப்படியிலிருந்தே கத்துவாள். அவர் இங்கிருந்து "இல்ல" என்பார்.

"எனக்குத் தெரிஞ்சதுன்னாரு இல்ல? அப்ப எனக்குத் தெரியணும். தெனம் சாயங்காலம் ஒக்காந்து போட்டுக்கினு இருக்கறேன். பதினாறாம் நாளுக்குள்ள கண்டுபுடிச்சிடுவேன்ணா."

பேச்சில் ஒரு பரீட்சைக்குப் படிக்கிறவளின் மும்முரம் இருந்தது. நான் "உம்" கொட்டினேன். காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. பன்னிரண்டு நாளாக எதுவுமே உள்ளே போகவில்லை.

"டீ குடிக்கறியா?" என்றாள்.

"போடு."

அவள் அடுப்படிக்குப் போனாள். நான் மெஷினை அணைத்துப் போட்டேன்.

கிளம்புவதற்கே வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. திரையில் வெள்ளை எழுத்தில் வரி வரியாகப் பிழை ஓடியது. உள்ளேயிருந்து டக், டக் என்று தட்டுகிற சத்தம். ஹார்டு டிஸ்க் படுத்துக்கொள்ளப் போகிற சத்தம் அது, இருபது வருஷமாகக் கேட்கிறேன். மறுபடி அணைத்து, மேசைக்குக் கீழே தரையில் இருந்த பெட்டியை இழுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். அடித்தட்டில் மஞ்சளாகக் கறை. டிஸ்கின் கீழ்ப்பக்கத்துச் சர்க்யூட்டிலும் அதே மஞ்சள் காய்ந்திருந்தது.

பிணம் தெருமுனை தாண்டியதும் வீட்டைக் கழுவி விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கூடத்திலிருந்து வாசல் வரைக்கும் தள்ளுவார்கள். பீரோ, கட்டில் எல்லாம் அதில் நனையும். தரையில் நிற்கிற கம்ப்யூட்டரைத் தூக்கி மேலே வைக்க யாருக்குத் தோன்றும்? என் மனைவியும் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியவர்களில் ஒருத்தி. யாரைக் குற்றம் சொல்ல. இத்தனைக்கும் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனவன் நான்தான்.

பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். இந்தத் தடவை சாதாரண வழியில் போகவில்லை. லினக்ஸில் பழுது பார்க்கிறவனுக்கென்று ஒரு புறவாசல் உண்டு. கிளம்பும்போதே அதைத் தேர்ந்தெடுத்தால், பாஸ்வேர்டே கேட்காமல் நிர்வாகியாக உள்ளே விட்டுவிடும். மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். உள்ளே போய் முதலில் டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தேன். ஒன்றுமில்லை, பூஜ்யம். டிஸ்க் வலிக்கிற ஒவ்வொரு முறையும் லினக்ஸ் ஒரு கோப்பில் ஒரு வரி புலம்பி வைக்கும். ஐந்தாம் நாளிலிருந்து தங்கை மெஷினை அணைக்கவே இல்லை. ராப்பகலாகப் புலம்பிப் புலம்பி அந்தக் கோப்பே டிஸ்க் முழுக்க ஊதிப் போயிருந்தது. அதைக் காலி செய்தேன். சின்னச் சின்னக் கோப்புகளை, அவற்றால் என்ன இடம் வரப்போகிறது என்று தொடவில்லை.

அடுத்தது பாஸ்வேர்ட். ஒரே ஒரு கட்டளை. புதிய பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டது, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று அடித்தேன். மறுபடி கேட்டது, அடித்தேன். மாற்றப்பட்டது என்று சொன்னது. லேபில் தினமும் செய்கிற வேலை. கை பாட்டுக்குச் செய்துவிட்டது.

மெஷினை மறுபடி கிளப்பி உள்ளே போய்விட்டேன். டிஸ்க் எந்த நிமிஷம் நிற்குமோ என்று முதல் காரியமாக எல்லாப் படங்களையும் வெளி டிஸ்கில் இறக்கினேன். நாரை, கொக்கு, நீர்க்காகம், மகள் பல் விழுந்த வாயோடு, தங்கை முகத்தை மூடிக்கொண்டு, மறுபடி நாரை. ஆயிரக்கணக்கில் ஓடியதில் ஒரே ஒரு படம், கேமராவைப் பாறை மேல் வைத்து டைமர் போட்டு எடுத்தது. பனமலைக் கோயில் படியில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் ஏரி. மாப்பிள்ளை பாதிக் கண்ணால் சிரிக்கிறார். ஓடிவந்து உட்கார்ந்த மூச்சுகூட இன்னும் அடங்கவில்லை என்று தெரிகிறது.

மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவன்தான்" என்றார். அப்புறம் விரலை நீட்டி, "தோள் மேல ஒரு கை இருக்குது பாருங்க" என்றார்.

தங்கையின் கை அது.

"உசுரோட இருக்கறவங்க கை அந்தப் படத்துல இருக்கக் கூடாதுங்க தம்பி."

"பிரேம் கடையில சொன்னா எடுத்துடுவாங்க" என்றேன். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டே கடைக்குக் கிளம்பினார். வந்த வேலை முடிந்தது என்று எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. பன்னிரண்டு நாளில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அந்தத் திருப்திதான் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

துக்கம் கேட்க வந்த பெண்களைப் பின்வாசலோடு அனுப்பிவிட்டுத் தங்கை ஒருவழியாக டீ டம்ளரோடு வந்து திரையைப் பார்த்து நின்றாள்.

"தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேன். படம் கெடச்சிடுச்சி. மாமா கடைக்கிப் போயிருக்காரு."

டம்ளரை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னாணா அது?" என்றாள்.

"எது?"

"பாஸ்வேர்டு."

"அது தெரியாது. மாத்திட்டேன். இனிமே ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

அவள் என்னையே பார்த்தாள். "மாத்திட்டன்னா? பழசு?"

"போயிடுச்சி. அத யாராலயும் பாக்க முடியாது. மாத்தத்தான் முடியும்."

"நான் அதத்தான கேட்டேன்" என்றாள். "போன்லயே சொன்னனே. படம் கெடக்கட்டும்னு சொன்னனே."

சண்டை போட்டிருந்தால் தேவலை. நோட்டை மூடினாள். பேனாவை அதன் மேல் வைத்தாள். எழுந்து பின்கட்டுக்குப் போய்ச் சாமான் துலக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அந்த டீயைக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடையன். ஏழு நாளாக ஒரு மனுஷி தினமும் சாயங்காலம் புருஷனிடம் ஒன்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஸ்க்ரூடிரைவரோடு வந்து இரண்டு நிமிஷத்தில் அந்தக் கேள்வியையே துடைத்துப் போட்டுவிட்டேன். வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவினவர்களை என்ன சொல்வது? நான் செய்தது என்ன குறைச்சல்?

வெளியில் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு நிலைகொள்ளவில்லை. மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

பாஸ்வேர்டை லினக்ஸ் அப்படியே எழுதி வைக்காது. மில்லில் நெல்லை அரைக்கிற மாதிரி அரைத்து மாவாக்கித்தான் வைக்கும். மாவைப் பார்த்து அதை நெல்லாகத் திருப்ப முடியாது. ஆனால் கையில் இருக்கிற நெல்லை அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கலாம். மாற்றுவதற்கு முன் இருந்த பழைய மாவின் நகல் ஒன்று பக்கத்திலேயே ஒரு கோப்பில் கிடக்கும் என்பது ஞாபகம் வந்தது. நோட்டில் இருக்கிற சொற்களையாவது சோதித்துச் சொல்லலாமே என்று அதைத் திறந்தேன். டிஸ்க் டக், டக் என்று தட்டியது. படிக்க முடியவில்லை என்று வந்தது. மறுபடி, மறுபடி. அந்த இடம் செத்துவிட்டது.

மிச்சம் இருந்தது வருகைப் பதிவு. எந்தப் பயனர் எப்போது உள்ளே வந்தார், எப்போது போனார் என்று ஒரு கோப்பு. பாஸ்வேர்ட் தப்பாகி வாசலோடு திரும்பினவர்களுக்கு இன்னொரு கோப்பு. இரண்டும் சின்னது. நான் தொடாமல் விட்டவற்றில் இவையும் இருந்தன. அதில் பெரிதாக எதுவும் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் திறந்தேன். மாப்பிள்ளை கடைசியாக உட்கார்ந்த நேரமாவது தெரியும், அதைச் சொல்லலாம் என்றிருந்தேன்.

அது இருந்தது. இறந்த அன்று காலை, மில்லுக்குப் போவதற்கு முன்னால், கால் மணி நேரம்.

அதற்கு மேலே, இன்றைக்கு நான் நுழைந்த வரிக்குக் கீழே, இன்னொரு வரி இருந்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலம், ஆறே முக்கால். மாப்பிள்ளையின் கணக்கில் ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். நாலு செகண்டில் வெளியே போயிருக்கிறார்.

முதலில் கடிகாரக் கோளாறு என்று நினைத்தேன். மற்ற நேரங்களோடு ஒத்துப் பார்த்தேன், கோளாறு இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு டிஸ்க் நிரம்பியிருக்கிறது. பாஸ்வேர்ட் சரியாகவே இருந்தாலும், உள்ளே வருகிறவருக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதக்கூட இடமில்லை. அப்போது திரை ஒரு முறை கறுத்து, மறுபடி அதே வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். தப்பு என்று சொல்லாது, சரி என்றும் சொல்லாது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிற இத்துனூண்டு இடத்தில் வருகைப் பதிவை மட்டும் லினக்ஸ் எழுதிவிட்டிருக்கிறது.

நோட்டை எடுத்தேன். ஒன்பதாம் நாள் பக்கத்தில் பதினோரு சொற்கள். தோற்றவர்கள் கோப்பில் அன்றைக்குப் பத்து வரிகள். ஆறே முக்காலுக்கு முன்னால் ஏழு, பின்னால் மூன்று. விரலை வைத்து எண்ணினேன். ஒன்று குறைந்தது. இரண்டாம் முறை எண்ணினேன்.

"இங்க வா" என்று பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒம்போதாம் நாளு இத எப்ப போட்ட?" எட்டாவது சொல்லின் மேல் விரலை வைத்தேன். பேஜாரு. மேலே அழுத்தமாக ஒரு கோடு.

"அதுவா?" என்றாள். "அது ஒண்ணும் இல்லணா. எதப் போட்டாலும் தப்பு தப்புன்னு வந்துக்கினே இருந்துச்சா, கோவத்துல அடிச்சேன். அவுரு எது கேட்டாலும் நான் அப்புடித்தான சொல்வேன். சட்ட எங்கன்னா பேஜாரு, ஏரிக்கி வர்றியான்னா பேஜாரு. உன்னோட பெரிய பேஜாருன்னு."

"போட்டதும் இன்னா ஆச்சி?"

"கருப்பா ஆயி திரும்ப வந்துச்சி. கரண்டு போயி வந்துச்சின்னு நெனச்சிக்கினு அடுத்தது போட்டேன்."

திரையில் இருந்த அந்த வரியைக் காட்டினேன். எனக்குச் சொல்லத் தெரிந்த மட்டும் சொன்னேன். உள்ளே விட்டது, ஆனால் நிற்க இடமில்லாமல் வெளியே தள்ளிவிட்டது, அதுதான் இது என்று சொன்னேன்.

"அப்ப அதுதானா?"

"அதேதான்."

"நாலு வருசமா தெனம் அதயா அடிச்சிக்கினு இருந்தாரு?"

"ஆமா."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று கிளம்பியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. கண்டுபிடித்த சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. அந்தச் சிரிப்போடு சட்டென்று தலையைத் திருப்பினாள். கூடத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி என்னிடம் வந்து நின்றாள். அதற்குள் முகம் கலைந்துவிட்டது.

"கண்டுபுடிச்சிட்டேன்னு நான் யாருகிட்டணா போயி சொல்றது?" என்றாள்.